எட்டாவது எழுத்து

தாமிரபரணிக் கரையில் ஓர் ஆய்வுக்கூடம் இருந்தது. அங்கே ஆசிரியருக்கு நாற்பது வயது. மாணவருக்கு ஐம்பத்து மூன்று. இந்தக் கதையைச் சொல்பவர்கள் ஊரை மாற்றிச் சொல்வார்கள், ஆற்றை மாற்றிச் சொல்வார்கள். இந்த வயதை மட்டும் யாரும் மாற்றுவதில்லை.

ஆசிரியர் ஆவுடைநாயகி. பாக்டீரியாக்களின் நொதிகளை ஆராய்வதில் பெயர் பெற்றவர். மாணவர் ஞானதிரவியம், இருபத்தாறு ஆண்டுகளாக ஒரு கல்லூரியில் தாவரவியல் நடத்துபவர். முனைவர் பட்டத்துக்காக ஆவுடைநாயகியிடம் வந்து சேர்ந்திருந்தார். வயதை மதித்து ஆசிரியர் மாணவரைச் 'சார்' என்பார். கல்வியை மதித்து மாணவர் ஆசிரியரை 'மேடம்' என்பார். புதிதாக வருகிறவர்களுக்கு யார் குரு, யார் சீடர் என்று புரிய ஒரு வாரம் ஆகும்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு ஞானதிரவியம் ஒரு கடிதத்தோடு ஆசிரியரின் அறைக்குள் வந்தார்.

"ஒரு கையெழுத்து வேணும் மேடம். மூணு மணிக்குக் குழு கூடுது."

"உட்காருங்க சார்."

ஆவுடைநாயகி கடிதத்தை வாங்கி வாசித்தார். அதில் மூன்று நாளுக்கு முந்தைய தேதி இருந்தது. ஞானதிரவியத்தின் ஆய்வுக்காலம் அந்த மாதத்தோடு முடிகிறது. ஆறு மாத நீட்டிப்பு வேண்டும். நீட்டிப்புக்குக் காரணம் காட்ட வேண்டும். காரணம் என்ற இடத்தில், முத்துமுத்தான கையெழுத்தில், அவர் எழுதியிருந்தது இது: பதினான்காம் தேதி மின்தடையின்போது தொழில்நுட்ப உதவியாளர் பேச்சியம்மாள் நொதிப் பெட்டியை ஃப்ரீசருக்கு வெளியே எடுத்து வைத்தார், நொதி கெட்டது, ஆய்வு தடைப்பட்டது.

பேச்சியம்மாளின் வேலை ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் தற்காலிக வேலை. அதைப் புதுப்பிப்பதா, நிறுத்துவதா என்பதையும் அன்று மூன்று மணிக்கு அதே குழுதான் முடிவு செய்யவிருந்தது. ஞானதிரவியத்துக்கு இது தெரியும். அது வேறு தாள், வேறு பொருள் என்று மூன்று நாளாகத் தமக்குத் தாமே சொல்லி வந்தார்.

"நொதி கெட்டுப்போச்சா?"

"செத்தே போச்சு மேடம்."

"யார் பார்த்தது?"

"ஜெல் பார்த்தது." அவர் ஒரு படத்தை மேஜைமேல் வைத்தார்.

அவருடைய வேலை இதுதான். சுண்டைச் செடியை வாடல் நோய் எளிதில் தொடுவதில்லை. அதற்குக் காரணமான மரபணுவை அவர் பிரித்தெடுத்து, வளையம்போல் இருக்கும் ஒரு சிறு டி.என்.ஏ.வுக்குள் சேர்த்து, அந்த வளையத்தை ஒரு பாக்டீரியாவுக்குள் விட்டுப் பெருக்கியிருந்தார். பெருகியதை வெளியே எடுத்து, இன்னொரு பாக்டீரியாவிடமிருந்து பெற்ற ஒரு நொதியால் வெட்ட வேண்டும். அந்த நொதி ஆறு எழுத்துள்ள ஒரே ஒரு சொல்லை மட்டும் அடையாளம் கண்டு, அங்கே மட்டும் வெட்டும். வளையத்தில் அந்தச் சொல், மரபணுவுக்கு முன்னே ஒன்றும் பின்னே ஒன்றுமாக, இரண்டு இடத்தில் இருந்தது. இரண்டு வெட்டு விழுந்தால் மரபணு தனியே கழன்று வரும். ஜெல் என்னும் கூழ்ப்பலகையில் இரண்டு கோடுகள் ஒளிரும்.

நான்கு முறை செய்தார். நான்கு முறையும் ஒரே கோடு.

கதவு திறந்தது. பேச்சியம்மாள் ஐஸ் வாளியோடு வந்தார். அந்தக் கூடத்தில் பதினோரு ஆண்டுகளாக இருப்பவர். குரலைத் தாழ்த்திப் பேசிப் பழகாதவர்.

"என்ன ஐயா, காலங்காத்தால மூஞ்சி கிழிஞ்ச ஜெல்லு மாதிரி இருக்கு? காப்பி குடிச்சியளா, இல்லியா?"

"ஆச்சு, ஆச்சு." ஞானதிரவியத்தின் கை தானாகப் போய்க் கடிதத்தின்மேல் விழுந்தது.

"ஒங்க வெட்டுக்காரன் இன்னும் வேலைநிறுத்தம்தானா? எந்தச் சங்கத்துல சேந்தாம்னு கேளுங்க. நானும் சேந்துக்கிடுதேன்."

வாளியை மூலையில் வைத்துவிட்டு, தம் பேச்சுக்குத் தாமே சிரித்துக்கொண்டு வெளியே போனார். ஞானதிரவியம் கையை எடுத்தார். ஆவுடைநாயகி அந்தக் கையைப் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"சார், கடிதம் கொஞ்சம் இருக்கட்டும். உங்க கேள்வி என்ன, அதைச் சொல்லுங்க."

"கேள்வியா? உயிரோட இருக்கிற நொதி, தன் இடத்தைக் கண்ட பிறகும் வெட்டாம விடுமா மேடம்? விடாது. அப்ப இது செத்ததுதானே?"

ஆவுடைநாயகி ஒரு கட்டுக் குழாய்களிலிருந்து ரப்பர் பேண்டை உருவினார். கத்தரிக்கோலால் ஓரிடத்தில் வெட்டினார்.

"எத்தனை துண்டு?"

"ஒண்ணு."

"இன்னொரு இடத்துல வெட்டினா?"

"ரெண்டு."

"உங்க ஜெல்ல?"

"ஒண்ணு. அதைத்தானே மேடம் நானும் சொல்றேன்."

"வெட்டே விழாத வளையம் ஏதாவது மிச்சம் தெரியுதா?"

ஞானதிரவியம் படத்தைச் சன்னல் பக்கம் சாய்த்துப் பார்த்தார். நான்கு நாளாக அவர் இல்லாத கோட்டைத்தான் தேடியிருந்தார். வேறு எதையும் பார்த்திருக்கவில்லை.

"இல்ல."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட இல்ல மேடம்."

"கோடிக்கணக்கான வளையம் சார். ஒண்ணு விடாம எல்லாத்துலயும் ஒரு வெட்டு. செத்தவன் செஞ்ச வேலையா இது?"

"அப்ப அரை உயிர். பாதி வேலை செஞ்சிருக்கு."

"அரை உயிர்ல கிடக்கிறவன் கண்ட மாதிரி வெட்டுவான். சில வளையத்துல இந்த இடம், சிலதுல அந்த இடம், சிலதுல ரெண்டும், சிலதை முழுசா விட்டுடுவான். நாலஞ்சு கோடு மங்கலா தெரியணும். உங்களுக்கு ஒரே கோடு. அதுவும் கத்தியால கீறின மாதிரி. இவன் முழு உயிரோட ஒரு இடத்தை வெட்டியிருக்கான். முழு உயிரோட ஒரு இடத்தை விட்டிருக்கான்."

ஞானதிரவியம் படத்தைக் கீழே வைத்தார். பிறகு கேட்டார்.

"ஏன் விட்டான்?"

"இப்ப கேட்டீங்களே, இது கேள்வி."

ஆவுடைநாயகி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சொல்லத் தொடங்கினார்.

"ஒரு பாக்டீரியா. உடம்பு முழுக்க ஒரே ஒரு செல். காவலுக்கு ஆள் கிடையாது, ஓடி ஒளிய இடம் கிடையாது. ஒரு வைரஸ் வந்து மேல உட்காரும். தன்னோட டி.என்.ஏ.வை ஊசி போடுற மாதிரி உள்ளே ஏத்தும். ஏத்தின எழுத்தை அந்த பாக்டீரியா படிச்சிட்டாப் போதும், வீடு கைமாறிடும். அதுக்காக அது ஒரு நொதி வச்சிருக்கு. அந்த நொதி டி.என்.ஏ. மேல வழுக்கிக்கிட்டே போகும். அஞ்சு எழுத்து சரியா இருந்து ஆறாவது தப்பினாக்கூட நிக்காது. ஆறும் சரின்னா பிடி இறுகும். வெட்டு விழும்."

"இது நான் பிள்ளைங்களுக்கு நடத்துற பாடம் மேடம்."

"ரொம்ப நல்லது. அப்ப நீங்களே சொல்லுங்க. அதே ஆறு எழுத்து அந்த பாக்டீரியாவோட சொந்த டி.என்.ஏ.லயும் இருக்குமே? அங்கே ஏன் வெட்டுறதில்ல?"

"சொந்த எழுத்துமேல ஒரு குறி போட்டு வச்சிருக்கும். சின்னதா ஒரு மீத்தைல். குறி இருந்தா நொதிக்குப் பிடி கிடைக்காது."

"குறி போடுறது யாரு?"

"கூடவே இருக்கிற இன்னொரு நொதி. வெட்டுறவனும் குறி போடுறவனும் ஒரே சொல்லைத்தான் படிப்பாங்க."

"அப்ப உங்க ரெண்டாவது இடத்துல குறி இருக்கலாமே?"

"எப்படி இருக்கும்? வெட்டுறவன் ஒரு பாக்டீரியாவோட ஆளு. வளையம் வளர்ந்தது வேற பாக்டீரியா வீட்டுல. இந்த ஆறு எழுத்துக்குக் குறி போட அந்த வீட்டுல ஆளே கிடையாது."

பதிலில் ஒரு பிழையும் இல்லை. எந்தத் தேர்வுத்தாளிலும் முழு மதிப்பெண் பெற்றிருக்கும். ஞானதிரவியம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

ஆவுடைநாயகி மேஜையில் கிடந்த ஒரு திருமண அழைப்பிதழ் அட்டையை எடுத்து, அதன் நடுவில் ஒரு சிறு சன்னல் வெட்டினார். அச்சிட்ட தாளில் சரியாக ஆறு எழுத்து தெரியும் அகலம். அதையும், வளையத்தின் எழுத்துகள் முழுவதும் அச்சாகியிருந்த தாள்களையும் அவர் முன்னால் தள்ளினார்.

"இப்ப நீங்கதான் நொதி. போங்க."

"மேடம், இதைக் கம்ப்யூட்டர் ஒரு நொடியில தேடிக் குடுத்திருக்கு. ரெண்டு இடமும் எனக்கு மனப்பாடம்."

"அதனாலதான் சொல்றேன்."

ஞானதிரவியம் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார். அட்டையை முதல் வரியில் வைத்து எழுத்து எழுத்தாக நகர்த்தினார். ஏ, டி, ஜி, சி என்ற நான்கே எழுத்து. நாலாயிரம் தடவைக்குமேல் இடம் மாறி மாறி வந்தன. ஐந்து பொருந்தி ஆறாவது பிசகிய இடங்கள் பல. ஒவ்வொன்றிலும் அவர் கை தயங்கி, பிறகு நகர்ந்தது. முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஆவுடைநாயகி எதிரில் உட்கார்ந்து யாருடைய ஆய்வேட்டையோ திருத்திக்கொண்டிருந்தார்.

"முதல் இடம். டி, சி, டி, ஏ, ஜி, ஏ."

"போங்க."

"ரெண்டாவது. டி, சி, டி, ஏ, ஜி, ஏ. எழுத்துக்கு எழுத்து ஒண்ணுதான் மேடம். ஒரு புள்ளி வித்தியாசம் கிடையாது."

"அட்டையைக் குடுங்க."

ஆவுடைநாயகி கத்தரிக்கோலை எடுத்து, சன்னலை வலப்பக்கம் இன்னும் இரண்டு எழுத்து அகலத்துக்குப் பெரிதாக்கித் திருப்பிக் கொடுத்தார்.

"இப்ப படிங்க."

"முதல் இடம். டி, சி, டி, ஏ, ஜி, ஏ. பிறகு ஜி, ஜி. ரெண்டாவது இடம். டி, சி, டி, ஏ, ஜி, ஏ. பிறகு டி, சி."

"முதல் நாலு எழுத்தைக் கட்டைவிரலால மறைங்க."

மறைத்தார். மிஞ்சியதை வாசித்தார்.

"ஜி. ஏ. டி." எட்டாவது எழுத்தை அவர் வாசிக்கவில்லை. வாசிக்கத் தேவை இருக்கவில்லை. ஜி, ஏ, டி, சி: அந்த நான்கையும் அவர் இருபத்தாறு ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதி வந்திருக்கிறார்.

"அந்த வீட்டுல குறி போட ஆள் இல்லன்னு சொன்னீங்க."

"இந்த ஆறு எழுத்துக்கு இல்ல. இந்த நாலு எழுத்துக்கு இருக்கு." குரல் இறங்கியிருந்தது. "நாலு எழுத்து எங்கே வந்தாலும் அதுல இருக்கிற ஏ மேல அந்த வீட்டுக்காரன் குறி போடுவான்."

"எதுக்கு?"

"படியெடுக்கும்போது பிழை விழும் மேடம். ரெண்டு இழையும் ஒத்துப்போகாத இடத்துல எது மூலம், எது படின்னு தெரியணும். மூலத்துல குறி இருக்கும். புதுப்படியில குறி விழக் கொஞ்சம் நேரமாகும். அதுக்குள்ள குறி இல்லாத இழையைப் பார்த்துத் திருத்திடும்."

"அப்ப அந்தக் குறி வெட்டுக்காரனைத் தடுக்கப் போட்டதா?"

"இல்ல. வேற வேலைக்காகப் போட்டது. இவன் இடத்தோட கடைசி எழுத்து, அந்த நாலெழுத்துல ரெண்டாவது எழுத்தா அமைஞ்சுபோச்சு. குறி அதுமேல விழுந்திருக்கு."

"வெட்டுக்காரனுக்கு இது தெரியுமா?"

"தெரியாது."

"ஏன் போட்டாங்க, யாருக்காகப் போட்டாங்கன்னு?"

"ஒண்ணும் தெரியாது மேடம். குறி இருக்கு. கை வைக்கல."

ஆவுடைநாயகி மீண்டும் ஆய்வேட்டைத் திருத்தத் தொடங்கினார்.

ஞானதிரவியம் அட்டையைப் பார்த்தார். பிறகு கடிதத்தைப் பார்த்தார். பிறகு எழுந்து ஆய்வுக்கூடத்துக்குப் போனார். ஃப்ரீசர் பக்கத்தில் ஆணியில் ஒரு பதிவேடு தொங்கியது. கடிதத்துக்கு ஆதாரமாக அவர் அதிலிருந்துதான் எடுத்து எழுதியிருந்தார். பதினான்காம் தேதிக்குரிய பக்கத்தின் கடைசி வரியில், பேச்சியம்மாளின் உருண்டை எழுத்தில், அவர் எடுத்தெழுதியது அப்படியே இருந்தது: கரண்டு போச்சு 11.40. வெட்டுநொதிப் பெட்டிய வெளிய எடுத்து வச்சேன்.

தாளைப் புரட்டினார்.

அவர் திரும்பி வந்தபோது பதிவேடும் கையில் இருந்தது.

"பக்கம் முடிஞ்ச இடத்துல நிறுத்திட்டேன் மேடம்."

"மறுபக்கம் என்ன இருக்கு?"

அவர் வாசித்தார். "'ஐஸ் பெட்டிக்குள்ள. மூணு வட்டம் ஐஸ் மாத்தினேன். சூடுமானியில சைபர். கரண்டு வந்தது 2.10. திரும்ப உள்ள வச்சேன்.'"

ஆவுடைநாயகி தலையாட்டினார். அவ்வளவுதான். ஞானதிரவியம் கடிதத்தை எடுத்து இரண்டாக மடித்தார்.

"இதைக் கிழிச்சுப் போட்டுடறேன்."

"கிழிங்க. அதுக்கு முன்னாடி பேச்சியம்மாகிட்ட ஒருதடவை வாசிச்சுக் காட்டிடுங்க."

"எதுக்கு மேடம்? அதுதான் எங்கேயும் போகவே இல்லையே?"

"மூணு நாள் இருந்ததே சார்."

ஞானதிரவியம் நின்றார். பிறகு போனார்.

பேச்சியம்மாள் கழுவும் தொட்டியருகே குடுவைகளைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஞானதிரவியம் கடிதத்தைப் பிரித்து, வகுப்பில் வாசிப்பதுபோல், ஒரு சொல் விடாமல் வாசித்தார். காரணம் என்ற இடம் வந்தபோது குடுவைச் சத்தம் நின்றது. வாசித்து முடிக்கும்வரை தண்ணீர்க் குழாய் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

பேச்சியம்மாள் குழாயை மூடினார்.

"எங்க, காட்டுங்க." ஈரக் கையால் தொடாமல், குனிந்து பார்த்தார். "நல்ல எழுத்து ஐயா ஒங்களுக்கு. எம்பேர இம்புட்டு அழகா யாரும் எழுதுனதில்ல."

"தப்பு என்னுடையது பேச்சியம்மா. வளையம் வளர்ந்த பாக்டீரியா குறி போடுற வகை. அதான் வெட்டல."

"குறி போடுற வகைன்னு எனக்குத் தெரியுமே."

"தெரியுமா?"

"அன்னைக்கே கேட்டேம்லா? குறி போடுற கிருமியில வளக்கவா, போடாத கிருமியில வளக்கவான்னு ரெண்டு குழாயையும் கையில வச்சுக்கிட்டு நின்னேன். நீங்க போன்ல பேசிக்கிட்டே, 'எதுன்னாலும் போடு'ன்னிய. பெரிய படிப்புப் படிக்கிற மனுசன், யோசிச்சுத்தான் சொல்லுவாருன்னு முன்னால இருந்ததப் போட்டேன்."

இரண்டு குழாய்களும், அவற்றை நீட்டிய கையும், தாம் காதிலிருந்து போனை எடுக்காமல் பதில் சொன்னதும் ஞானதிரவியத்துக்கு அப்போது நினைவுக்கு வந்தன.

"கோபமா பேச்சியம்மா?"

"கோவப்படணும்னா சாவகாசமா உக்காந்துல்லா படணும்? இப்ப அந்தக் குறி போடாத கிருமிய எடுத்து இன்னைக்கே வளக்கப் போட்டாத்தான் வியாழக்கெழம ஒங்களுக்கு வளையம் கிடைக்கும்." முந்தானையில் கையைத் துடைத்தார். "கோவத்த வெள்ளிக்கெழம பாத்துக்கிடுதேன். தள்ளுங்க, ஃப்ரீசரத் தொறக்கணும்."

இரண்டரை மணிக்கு ஞானதிரவியம் புதிய கடிதத்தோடு ஆசிரியரின் அறைக்கு வந்தார். மேற்பகுதி பழையதுதான். காரணம் என்ற இடத்தில் மட்டும் வேறு எழுதியிருந்தார்: வெட்டுமிடத்தை அடுத்துள்ள இரண்டு எழுத்தை நான் வாசிக்கவில்லை. குறி போடும் வகைப் பாக்டீரியாவில் வளையத்தை வளர்த்தேன். எந்த வகை வேண்டும் என்று கேட்கப்பட்டபோது கவனிக்காமல் பதில் சொன்னேன். பிழை என்னுடையது. பதினான்காம் தேதி மின்தடையிலும் நொதி கெடாமல் காத்தவர் தொழில்நுட்ப உதவியாளர் பேச்சியம்மாள்.

ஆவுடைநாயகி நிதானமாக வாசித்தார்.

"பழைய கடிதம்னா நீட்டிப்பு கண்டிப்பா கிடைச்சிருக்கும் மேடம். இதுக்குக் குழு தராமலும் போகலாம்."

"போகலாம்."

"இருபத்தாறு வருஷம் பாடம் நடத்தினவனுக்கு நாலு எழுத்து கண்ணுல படலையான்னு சிரிப்பாங்க."

"சிரிப்பாங்க."

அவர் காத்திருந்தார். சொல்ல வேறு ஏதாவது இருக்கும் என்று நினைத்தார்.

ஆவுடைநாயகி பேனாவை எடுத்துக் கையெழுத்திட்டு, மை உலர ஒருமுறை ஊதி, கடிதத்தை அவர் பக்கம் நகர்த்தினார்.

"வெட்டு சரியான இடத்துல விழுந்திருக்கு சார். கொண்டுபோய்க் குடுங்க."